உறைந்த கறிக்கு ஒரு பகல் ஒரு இரவு

ஐஸ் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: சரக்கைத் தூக்கிக்கொண்டு எவனும் ஓடமாட்டான், ஓடினாலும் வீடு போய்ச் சேர்வதற்குள் கையில் ஈரச் சாக்குதான் இருக்கும். எங்களுக்கு வெயில் ஒன்றுதான் திருடன். அவனைப் பிடித்துக் கொடுக்க எந்தப் போலீஸ் நிலையத்திலும் வழியில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. சாயங்காலம் விருந்தாளி வருகிறார் என்று தெரிந்ததும் பெட்டியைத் திறந்து, கல்லாய்க் கிடக்கிற கறியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். சுடுதண்ணீரில் போடலாமா, வெயிலில் வைக்கலாமா என்று வீட்டுக்காரி கேட்க, எனக்கென்ன தெரியும் என்று பேப்பரை விரித்துக்கொண்டவர்தானே நீங்கள்? வாருங்கள், இப்படி உட்காருங்கள். நானும் உங்கள் கட்சிதான். அந்தக் கல்லோடு மல்லுக்கட்டியே வயிறு வளர்த்தவன்.

பெயர் சவரிமுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈப்போவில் ஒரு ஐஸ் ஆலையில் வேலைக்கு இருந்தேன். முதல் உலகச் சண்டை முடிந்து விழுந்துபோன ரப்பர் விலை மறுபடி எழுந்து, தோட்டத்துத் துரைமார்கள் தெம்பாக இருந்த நேரம். ஆளாளுக்கு ஐஸ்பெட்டி வாங்கினார்கள். மரப்பெட்டி, உள்ளே தகடு, மேல்தட்டில் ஐஸ் கட்டி, கீழ்த்தட்டுகளில் சாப்பாட்டுச் சாமான், அடியில் உருகின தண்ணீர் வழிய ஒரு குழாய். யந்திரம் அவ்வளவுதான். வாரம் மூன்று நாள், மரத்தூளில் புதைத்த கட்டிகளையும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்தபடியே கப்பலில் வந்திறங்கிய ஆட்டுக்கறியையும் லோரியில் ஏற்றிக்கொண்டு செமோர் பக்கம் போவேன். ஓட்டுவதும் நான், சுமப்பதும் நான், திட்டு வாங்குவதும் நான்.

போர்த்திவிட்ட கட்டி

செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பெரிய துரை தனிக்கட்டை. அவர் பங்களாக் குசினியில் பிச்சைமுத்து என்று ஒரு சமையல்காரர் இருந்தார், நல்ல மனுஷர். ஐஸ்பெட்டி வந்த இரண்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டார். அதற்கடுத்த வாரம் நான் கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றால், அவர் பெஞ்சாதி அந்தோணியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கதவைத் திறக்கிறார். முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். புருஷன் அடுப்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று துரையிடம் போய் நேராகக் கேட்டிருக்கிறார். துரையும் சரி என்றுவிட்டு ஒரு கெடு வைத்தார். தோட்டங்களைப் பார்வையிடக் கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் நாலு மாதத்தில் வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு நல்லபடியாக முடிந்தால் வேலை நிலைக்கும். முடியாவிட்டால் குசினியும், அதன் பின்னால் இருக்கிற அறையும் வேறு ஆளுக்கு.

அறை போனால் அந்தோணியம்மாவுக்குப் போக்கிடம் சித்தியவானில் புருஷனுடைய தம்பி வீடு. அங்கே ஏழு பிள்ளைகள். போனால் சாகிறவரைக்கும் சம்பளமில்லாத வேலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். அழவில்லை. நான்தான் கட்டியை இறக்கி வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு இரண்டு கட்டி கொடுத்தேன். ஒன்று பெட்டிக்கு, இன்னொன்று சாக்குச் சுற்றி மரத்தூளில் வைத்துக்கொள்ள. இரண்டு நாள் கழித்துப் போனால் இரண்டாவது கட்டி இருந்த இடத்தில் ஒரு குளம். என்ன செய்தீர்கள் என்றேன். பாவம், சாக்குக்குள் புழுங்குமே என்று பிரித்து, ஜன்னலோரம் காற்றோட்டமாக வைத்தாராம். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஐஸுக்குக் காற்றுதான் எமன், வெளிச் சூடு உள்ளே போகாமல் இருக்கத்தான் இந்தச் சுற்றெல்லாம் என்று கத்திவிட்டு, புதுக் கட்டியைச் சுற்றி, மேலே தூளைக் கொட்டி, அதற்கும் மேலே இன்னொரு சாக்கைப் போட்டு, ஓரமெல்லாம் செருகிக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட யாரும் இப்படி ஓரஞ்சாரம் பாத்துப் போத்திவிடல, ஐஸ்காரரே."

புகையில் தொங்கிய தொடை

கப்பல் கறியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாசார்க் கறிக்கடையில் தொங்குகிற ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. கோடாரியைப் போட்டாலும் எகிறும். அப்படி ஒரு தொடையை முதல் தடவையாகக் காலை பத்து மணிக்கு அந்தோணியம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். துரைக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு. அந்தோணியம்மா கத்தியை வைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. அப்படியே அடுப்பில் ஏற்றினால் மேலே கருகி உள்ளே பனி நிற்கும் என்பது அவருக்கே தெரிந்தது.

யோசித்திருக்கிறார். தோட்டத்தில் ஈரத்தை விரட்டுகிற இடம் எது? பால்மரத்துப் பாலை உறையவைத்து, தகடு தகடாக நசுக்கி, கம்பில் தொங்கவிட்டு உலர்த்துகிற புகைக் கொட்டகை. ஈர ரப்பரையே காயவைக்கிற இடம், ஒரு ஆட்டுக்காலையா இளக்காது? கொட்டகை ஆளிடம் சொல்லி, ரப்பர் தகடுகளுக்கு நடுவில் தொடையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். இந்த யோசனை ஈப்போவில் ஒரு சமையல்காரருக்கும் வராது, ரப்பர் தோட்டத்திலேயே கிடந்தவர்களுக்குத்தான் வரும். இரண்டு மணி நேரத்தில் தொடை பழுப்பேறி, வெதுவெதுவென்று, ரப்பர் ஷீட் வாடையோடு வெளியே வந்தது. எலும்போரம் பனி அப்படியே இருந்தது.

கெடுதல் எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? அங்கேதான். உள்ளே உறைந்திருக்கிறதே என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், மேலே இளம்சூட்டில் கறி கெட ஆரம்பித்திருக்கும். அந்தோணியம்மா அதையே அவசரமாக வேகவைத்து மேசைக்கு அனுப்பினார். நல்லவேளை, துரை ஒரு வாய்தான் வைத்தார். வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டார். நம் துரைமார்கள் தோட்டத்திலேயே தமிழ் படித்தவர்கள். அந்தத் தமிழில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. அந்தோணியம்மாவை முன்னால் கூப்பிட்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னாராம்:

"அம்மா, நான் ரப்பர் விக்கறான். ரப்பர் தின்னறது இல்லே."

கறி வளர்த்த கதை

அடுத்த நடையில் லோரியை ஓரம் கட்டிவிட்டு, குசினிப் படியில் உட்கார்ந்து பாடமே நடத்தினேன். எனக்கும் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை, ஆலையின் குளிரறையில் நின்று நின்று காதில் விழுந்ததுதான். ஆனால் சொல்லும்போது நானே கப்பலைக் கட்டினவன் மாதிரி சொன்னேன்.

உறைந்த கறிக்குச் சூடு வேண்டாம், நேரம்தான் வேண்டும் என்றேன். பெட்டியின் ஆகக் கீழ்த்தட்டில், குழிவான தட்டு ஒன்றில் வைத்து, ஒரு பகல் ஒரு இரவு விட்டுவிட வேண்டும். மேலே வைத்தால் வடிகிற ரத்தத் தண்ணீர் கீழே இருக்கிற பாலில் சொட்டும். அந்தத் தண்ணீர் பட்ட தட்டு, கத்தி, கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். கொதிக்கிற குழம்பைப் பெட்டிக்குள் தூக்கி வைத்தால் குழம்பும் ஆறாது, பக்கத்தில் இருப்பதும் உருப்படாது. கறி இளகிவிட்டதா என்று பார்க்கத் தடித்த இடத்தில் விரலை அழுத்த வேண்டும், உள்ளே கல் தட்டுப்பட்டால் இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். எலும்போரம் மோந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகக் கையை உயர்த்தி, முழுக்க இளகிச் சூடு கண்ட கறி மறுபடி ஐஸுக்குப் போகவே கூடாது, அதற்கு மண்தான் இடம் என்றேன். பிரசங்கம் முடிக்கிற சாமியார்கூட அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தோணியம்மாவுக்கு எழுத்து தெரியாது, பங்களாக் கடிகாரமோ துரை அறையில். அவர் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்களைக் கூட்டத் தப்பு அடிப்பார்களே, அந்தத் தப்புக்குக் கறி உள்ளே, மறுநாள் தப்புக்கு வெளியே. ஆனால் நடுவில் சும்மா இருக்க மாட்டார். நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து, இளகிவிட்டதா என்று பார்ப்பார். திறக்கிற ஒவ்வொரு தடவையும் குளிர் காலடியில் கொட்டிப் போகிறது, கதவை மூடுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். அதற்குள் எங்கள் லோரிக்கு ஒரு புது வியாதி வந்திருந்தது, சரியாக அந்தத் தோட்டத்துக்கு வந்ததும் இன்ஜின் ஆறுவதற்கு அரை மணி நேரம் கேட்கும். அப்படி ஆறிக்கொண்டிருந்த ஒரு நாள், பெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இந்தக் கறியச் சமைக்கிறதவிட வளக்கிறதுதான் பெரும்பாடா இருக்கு, ஐஸ்காரரே."

சித்தியவான் மீன்

மூன்றாம் மாதம் கொழுந்தனார் வந்தார். பெயர் செபஸ்தியான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் பெண்டாட்டி ஒற்றையாகக் கிடக்கிறாளே என்று பஸ் மாறி மாறி வந்தவர், வெறுங்கையோடும் வரவில்லை. தகர டின் நிறையத் தெங்கிரி மீன், நம் வஞ்சிரம்தான், சுற்றி ஐஸ். வந்ததும் வராததுமாக, மதினிக்கு வேலை வைக்கக்கூடாது என்று, டின்னில் இருந்த மீனையும் உருகின தண்ணீரையும் அப்படியே ஒரு அண்டாவில் கவிழ்த்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

நான் போனபோது அந்தோணியம்மா அண்டாவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். ஐஸ் தண்ணீரில் ஊறின மீன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தொட்டால் விரலோடு வரும். தானாகவே என்ன செய்தார் தெரியுமா? மீனை எல்லாம் எடுத்தார். குழைந்ததை ஒதுக்கினார். மிச்சத்தைக் குடலெடுத்து, செவுள் நீக்கி, கழுவித் துடைத்தார். தட்டின்மேல் மூங்கில் பட்டைகளை அடுக்கி, தண்ணீர் கீழே வடிகிற மாதிரி மீனைப் பரப்பி, மேலே நொறுக்கின ஐஸைத் தூவினார். இதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. கறிக்குச் சொன்னதை வைத்து மீனுக்கு அவரே கண்டுபிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

செபஸ்தியான் அதை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மதினி. ஆனா இதெல்லாம் தொர மனசுக்கு எத்தன நாளைக்குப் புடிக்கும்? பெட்டி கட்டி வைங்க, பெரியவரு சாப்பிட்டுப் போன மறுநா நான் வந்துருவேன்."

பாலத்தில் அரை நாள்

பெரியவர் சாப்பிடுகிற ஞாயிற்றுக்கு முதல் நாள், சனிக்கிழமை. விடியும்போதே ஈப்போவில் ஏற்றிவிட்டேன். குளிரறையில் இருந்ததிலேயே நல்ல தொடையாகப் பொறுக்கி, இரட்டைச் சாக்குச் சுற்றிப் புதைத்தேன். ஒன்பது மணிக்குக் கொடுத்தால் ஒரு பகல் ஒரு இரவுக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். வழியில் பிடித்தது மழை. படுதா ஒழுகி மரத்தூள் முழுக்க நனைந்தது. நனைந்த தூள் நனைந்த போர்வைதான், ஒன்றுக்கும் உதவாது. பாலத்துக்கு வந்தால் பாலத்தின் மேலே ஆறு ஓடுகிறது. பிறகு மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது, ஆறு மட்டும் இறங்கவில்லை. நான் அக்கரை போய்ச் சேரும்போது மதியம் திரும்பிவிட்டது.

செமோர் கடைத்தெருவில் நிறுத்திச் சாக்கைப் பிரித்தேன். கட்டிகள் பாதிகூட இல்லை. தொடையில் விரலை வைத்தேன், பள்ளம் விழுந்தது. உள்ளங்கையை வைத்தேன், குளிர்ச்சியே இல்லை. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்ததோ. நான் கையை உயர்த்திச் சொன்ன சட்டப்படி அதற்கு மண்தான் இடம். ஆனால் மண்ணில் போட்டால் அந்தோணியம்மா நாளைக்கு மேசையில் எதை வைப்பார்? மறுபடி ஈப்போ போய்த் திரும்ப அந்தப் பாலத்தை நம்ப முடியாது. செபஸ்தியான் துண்டை உதறினதும், சித்தியவானில் அந்தோணியம்மாவுக்காகக் காத்திருந்த ஏழு பிள்ளைகளின் துணிமணியும்தான் என் கண்ணுக்குள் நின்றது.

அப்போது நான் செய்த காரியத்தை இன்றைக்குச் சொல்லவும் கூசுகிறது. காப்பிக்கடையில் முந்தாநாள் நானே போட்ட ஐஸில் மிச்சத்தைக் கெஞ்சி வாங்கினேன். உடைத்தேன். பக்கத்துச் சீனர் கடையில் உப்பு வாங்கிக் கலந்து, ஒரு தகரத்தில் தொடையைச் சுற்றித் திணித்தேன். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் இரண்டு மடங்கு கடிக்கும், ஐஸ்கிரீம் சுற்றுகிறவர்களைக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்தில் மேல்பக்கம் கல்லாகிவிட்டது. துடைத்து, வேறு சாக்கில் சுற்றி, ஐந்து மணிக்குப் பின்வாசலில் போய் நின்றேன். அந்தோணியம்மா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், டக்கென்றது. பாலத்தில் தண்ணீர் என்றார்களே, கறிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவர் முகம் அப்படியே தெளிந்துபோய்விட்டது.

"உங்க கையால வந்ததுன்னா நான் திருப்பிக் கேக்க மாட்டேன், ஐஸ்காரரே."

சாக்கில் பூத்த உப்பு

படுத்தால் தூக்கமா வரும்? பெரியவர் வயிற்றை நினைத்துக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். மேசையில் மிஞ்சுகிற கறியை அந்தோணியம்மாவும் சாப்பிடுவார். அந்த நினைப்புத்தான் என்னைப் பிடுங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகாமல் விருந்தாளி படுத்துவிட்டாலும் பழி அவர் தலையில்தான் விடியும். ஞாயிறு லோரி கிடையாது, பஸ் ஓட நேரமாகும். கிழக்கு வெளுக்கும்போது ஈப்போவை விட்டுக் கிளம்பி, மாதா கோயில் பூசையையும் விட்டுவிட்டு, ஒன்பது மைல் நடந்தேன். அன்றைக்கு நான் சொன்ன செபம் பூசையில் சொல்கிற மாதிரி ஒழுங்காக இல்லை, ஆண்டவரே அவர் அடுப்புப் பற்றவைத்திருக்கக்கூடாது என்று அது ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு போனேன்.

பங்களாப் பின்பக்கம் போனால் அந்தோணியம்மா மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் தொடை. அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார், லயத்துக் குடியிருப்பு ஜனங்கள் யாரும் எடுத்துப் போய்ச் சமைத்துவிடக்கூடாது என்று. என்னைப் பார்த்ததும் அடுப்போரம் காயப்போட்டிருந்த சாக்கை எடுத்து வந்து காட்டினார். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கப்பல்காரன் கறிக்கு உப்புப் போட்டு அனுப்பமாட்டானே என்று அப்போதே மனதில் பட்டதாம். தட்டில் அளவுக்கு மீறித் தண்ணீர், அழுத்தினால் மேலே கல், உள்ளே கூழ். எலும்போரம் மோந்து பார்த்தாராம், முடிவு தெரிந்துவிட்டது. நான் பாலத்திலிருந்து உப்பு வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் மறுபடி மண்வெட்டியை எடுத்துக் குழியை ஆழமாக்கினார். திட்டியிருந்தால் தேவலை.

துரையிடம் கறி சரியில்லை, புதைக்கப் போகிறேன் என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். துரைக்குப் புகைக் கொட்டகை ஞாபகம் வந்திருக்கிறது, மறுபடியும் நீதான் கெடுத்தாய், நாளைக்கு அறையைக் காலி பண்ணு என்றுவிட்டார். உப்பு விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மண்ணைத் தள்ளிக்கொண்டே, "ஒரு அடுப்பு அணையறது போதாதா, உங்க வேலையும் போகணுமா?" என்றார். அதற்குமேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சேற்றுக் காலோடு முன்பக்கம் போய், பெரியவரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்த துரைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, நான்தான் கெடுத்தேன், நான்தான் மறைத்தேன், அந்த அம்மாதான் கண்டுபிடித்தார் என்று சொன்னேன். துரை முகம் செக்கச் செவேலென்று ஆனது. பெரியவர் என்ன என்ன என்று கேட்டு, துரை வாயால் இங்கிலீஷில் வாங்கிக்கொண்டார். பிறகு அந்தோணியம்மாவைக் கூப்பிடச் சொன்னார். வேலை போகிற நேரத்தில் நிறைய மசாலாப் போட்டு வைத்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அவர் கேட்க, துரை தமிழில் திருப்பினார். மசாலா வாடையைத்தான் மறைக்கும், விஷத்தை மறைக்காது என்று அந்தோணியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

மதியம் லயத்திலிருந்து பிடித்து வந்த இரண்டு கம்போங் கோழியை, நாட்டுக்கோழிதான், குழம்பு வைத்தார். நான் தேங்காய் துருவினேன், என் விரலையும் சேர்த்து. பெரியவர் மூன்று தடவை போட்டுக்கொண்டு, துரையிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். சாப்பாடு முடிந்ததும் துரை குசினி வாசலுக்கே வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்:

"அம்மா இங்கே இருக்கறான். ஐஸ்காரன் இனிமே இங்கே வர்றது இல்லே."

பூசை முடிந்த பிறகு

துரையின் கடிதம் ஆலைக்கு வந்தது. லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு, என்னை உள்வேலைக்குப் போட்டார்கள். ஐஸ் உறைகிற தொட்டிகளில் உப்புத் தண்ணீர் நிறைந்திருக்கும், அதிலிருந்து தகர அச்சுகளைத் தூக்கித் தூக்கிக் கட்டியைத் தட்டிக் கொட்ட வேண்டும். செய்த பாவத்துக்கு ஏற்ற தண்டனை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். விரலெல்லாம் வெடித்து, உப்புப் பட்டு எரியும். மூன்று மாதம் செமோர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? ஆனால் ஒரு நாள்கூட அவரை நினைக்காமல் இருந்ததில்லை, இதை இந்த வயதில் ஒளிப்பானேன்.

ஒரு ஞாயிறு, ஈப்போக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறேன், படிக்கு அந்தப் பக்கம் அந்தோணியம்மா நிற்கிறார். முதல் பஸ்ஸில் வந்தாராம். செபஸ்தியான் வந்து, கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போன கதையைச் சொன்னார். மூன்று மாதமாக நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்த் தொலைந்தது. உங்களுக்குச் சம்மதமென்றால், நான், அதாவது, என்று ஆரம்பித்து, கறி இளக்குவதைப் பற்றி அத்தனை பிரசங்கம் செய்த வாய் அங்கேயே நின்றுவிட்டது. அவர் என் வெடித்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஊர்க்காரர் காதில் விழுந்தாலும் விழட்டும் என்கிற மாதிரி நிதானமாகப் பேசினார்:

"அவரு போனதிலேருந்து எல்லாரும் என் நல்லதுக்குன்னு சொல்லி எங்கிட்டப் பொய்தான் சொன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. ஒம்போது மைல் நடந்து வந்து அது பொய்யின்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். சாமியார்கிட்ட நம்ம கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க. தொரைகிட்டக் கேட்டுட்டேன், நீங்களும் அந்த அறையிலயே இருந்துக்கலாமாம், ஐஸ்பெட்டிய மட்டும் தொடக்கூடாதாம்."

ஐஸ் சுமந்த வகையில் எனக்கு மிஞ்சியது முதுகுவலியும் அந்தோணியம்மாவும்தான். இதில் முதுகுவலியைப் பற்றி மட்டும்தான் எனக்குப் புகார் உண்டு.